பிறன் என்பான் யாவன்?
ஆனந்தரங்கப் பிள்ளை தினசரியின் சில ஏடுகளைப் பற்றிய ஆராய்ச்சி

புதுச்சேரி நகரத்தின் பழைய வரலாற்றை அறிய விழைவார்க்கு ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் எழுதிவைத்த தினசரியைப் போன்ற கருவி பிறிதொன்று இல்லை. 1709-ல் தோன்றி 1761-ல் மறைந்த பிள்ளையவர்கள், 1736 முதல் தம் இறுதிக்காலம் வரையில், கப்பல் வந்ததும், சரக்கு விலைபோனதும், துரை சொன்னதும், தாம் மறுமொழி சொன்னதும் ஆகிய யாவற்றையும் அன்றாட வழக்குத் தமிழிலேயே குறித்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிப்பட்ட அவ்வேடுகள், 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கத்தாரால் ஆங்கிலத்திற் பன்னிரண்டு தொகுதிகளாகவும், 1948 முதல் புதுச்சேரியிலே தமிழ் மூலமாகவும் அச்சேறின. அவற்றை வாணிகம் பற்றியும் அரசியல் பற்றியும் ஆராய்ந்தார் பலர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறு. அன்பு செய்தற்கு அரியவனாகிய அயலானிடத்து அன்பு செய்தல் எங்ஙனம் என்னும் வினாவிற்கு அவ்வேடுகள் தரும் விடை யாது என்பதே எமது பொருள்.

இவ்வினாவைக் கிறிஸ்தவ சமயத்தார் தம் வேதத்தின் தலையாய இரண்டு கட்டளைகளுள் ஒன்றன்பாற்பட்டதாகக் கொள்வர். முதற் கட்டளை இறைவனிடத்து அன்பு. இரண்டாவது, தன்னிடத்துத் தான் வைக்கும் அன்பு போலப் பிறனிடத்தும் அன்பு வைத்தல். தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையார் பெரிதும் வழங்கும் விவிலியத்தில் இவ்விடத்து ஆளப்பட்ட சொல் 'பிறன்' என்பதாம். திருவள்ளுவனார் பிறனில் விழையாமை என அதிகாரம் வகுத்தபோது கையாண்ட அதே சொல்லே இது. அடுத்த வீட்டான் என்று மட்டும் பொருள்படாது, தான் அல்லாத ஒருவன் என விரிந்து நிற்றலின், இம்மொழிபெயர்ப்பு மூலத்தினும் அகலமான பொருளைத் தமிழர்க்குத் தந்துவிட்டது என்பது எமது கருத்து.

லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே நியாயசாத்திரி ஒருவன், பிறன் என்பான் யாவன் என்று வினவுகின்றான். அதற்கு விடையாக ஒரு கதை சொல்லப்படுகின்றது. எருசலேமிலிருந்து எரிகோவிற்குச் செல்லும் வழியில் ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தான். ஆசாரியன் ஒருவன் கண்டும் விலகிப் போயினான். லேவியன் ஒருவனும் அங்ஙனமே போயினான். யூதர்களால் வெறுத்து ஒதுக்கப்பட்ட சமாரியன் ஒருவனே எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துப் புண்ணைக் கட்டிச் சத்திரத்திற் சேர்ப்பித்துப் பொருளும் கொடுத்துச் சென்றான். இக்கதையைச் சொல்வார் பெரும்பாலும் ஏழைக்கு இரங்குக என்னும் அளவில் நின்றுவிடுவர். கதையின் கூர்மை அதுவன்று. கேட்டவன் யூதன், கதையில் நன்மை செய்தவனோ அவன் வெறுக்கும் இனத்தான். வெறுக்கப்படுவானிடத்து நன்மை உண்டென ஒப்புக்கொள்வதே இங்கு வேண்டப்படுவது. இரங்குதல் எளிது, நம்மால் வெறுக்கப்படுவான் நமக்குச் செய்த நன்மையை நன்மையென்று ஏற்றல் அரிது.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரில் வேதபுரீசுவரர் திருக்கோயிலும் இயேசு சபையாரின் தேவாலயமும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றன் பூசை மணியும் மற்றொன்றன் மணியும் ஒரே காற்றில் ஒலித்திருக்கும். அத்தேவாலயத்தை ஊரார் இன்றளவும் சம்பா கோயில் என்பர். புனித பவுல் என்பதன் போர்த்துக்கீசிய வடிவமாகிய 'சாம் பவுலோ' தமிழ் நாவில் திரிந்து சம்பா ஆயிற்று. நெல்லின் பெயரோடு ஒத்துப்போனமையின் பொருள் தெரியாதாரும் அதனைத் தமக்குரிய பெயராக்கிக் கொண்டனர். அவ்வூர் மக்கள் பாதிரிமாரின் கோயிலுக்குத் தம் மொழியிலே ஒரு பெயர் கொடுத்துவிட்டனர். பாதிரிமாரோ பக்கத்துக் கோயிலை அங்கு நிற்கவே விடலாகாது என எண்ணினர். நூற்றாண்டின் தொடக்க முதலே அதனை அகற்றுமாறு அவர்கள் கும்பினி அதிகாரிகளை வற்புறுத்தி வந்தனர். ஊரைவிட்டே வெளியேறுவோம் என நெசவாளரும் வணிகரும் கிளர்ந்தெழுந்த காலங்களில் அதிகாரிகள் பின்வாங்கினர். எனவே, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அத்திருக்கோயிலைக் காத்தது அன்புமன்று, நீதியுமன்று. துணி வாணிகம் கெடும் என்னும் அச்சமே.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சைவர்கள் பெரும்பாலும் அறியார். கும்பினியாரின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்ப பிள்ளை என்பார் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு உறவினர், கிறிஸ்தவரல்லர். அவர் கிறிஸ்தவ ஏழைகளுக்கு விருந்திட்டு அவர்தம் செபமாலைகளையும் வழங்கினார். பட்டினி கிடந்தார்க்குச் சோறும், அவர் சமயத்திற்கு உரிய பொருளும் கொடுத்த இச்செயலே அவர் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்றாயிற்று. வேற்றுச் சமயத்தான் ஒருவன் தம் மந்தையை ஈர்க்கின்றான் எனப் பாதிரிமார் அஞ்சினர். 1716-ல் அவர் சிறையிடப்பட்டார். கசையடியும் பெருந்தண்டமும் விதிக்கப்பட்டன. 1717-ல் சிறையிலேயே உயிர் நீத்தார். அத்தீர்ப்பு பிழைபட்டதெனப் பிரான்சு தேசத்தார் பின்னர்த் தள்ளிவிட்டது வேறு. செபமாலையைக் கொடுத்ததில் அவர்க்கு அரசியற் சூழ்ச்சியும் இருந்திருக்கலாம். தரகர் எவரும் முற்றத் துறந்தவரல்லர். ஆயினும் எரிகோ வழியிற் சென்ற சமாரியனைப் பிடித்து, எண்ணெய் வார்த்த குற்றத்திற்காகக் கட்டி அடித்தாற்போல இஃது இருக்கின்றதன்றோ?

1745-ம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஏடு மிகவும் சிறந்தது. அந்நாளில் தேவாலயத்தினுள்ளே உயர்சாதிக் கிறிஸ்தவரையும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஆதிதிராவிட மக்கள் திரண்டு சென்று, எம்மை உம் சீடராக்கிக்கொண்ட நீர் எம்மை வேறாக நிறுத்துதல் தகுமோ என மூத்த பாதிரியாரிடம் முறையிட்டனர். அவரும் அதனை நியாயமென ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். பின்பு உயர்குலத்துப் பெண்மணி ஒருவர் நறுமணமும் அணிகலனும் புனைந்து வந்ததைப் பாதிரியார் கடிந்துரைக்க, அதனாற் பூசல் மூண்டு கவர்னர் வரையிற் சென்றது. கூட்டங்கூடுதல் தடுக்கப்பட்டது. இவையெல்லாம் பிள்ளையவர்கள் குறித்தவை.

இச்சுவர் இடிந்ததற்கு முன்வரலாறு உண்டு. போப்பின் தூதராய் வந்து புதுச்சேரியிலே தங்கிய தூர்னோன் என்பார், 1704-ல் இவ்வூரிலிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவரின் குடிசைக்குள்ளே சென்று சடங்கு செய்யப் பாதிரிமார் மறுத்தல் கூடாது என்பது அவ்வாணையின் கூறுகளுள் ஒன்று. உயர்சாதியாரை ஈர்த்தற்பொருட்டுச் சாதி ஒழுக்கத்தைத் தழுவியிருந்த இயேசு சபையார்க்கு அது பெரும் இடராயிற்று. நாற்பது ஆண்டுகள் வழக்காடினர். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் என்னும் போப் அதனை உறுதிப்படுத்திய பிறகும், ஆதிதிராவிடர்க்கென வேறு பாதிரிமாரை அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டினாலேயே அவர்கள் இணங்கினர். அயல்நாட்டினின்று கடல் கடந்து வந்து, வெயிலும் நோயும் பொறுத்து, மொழி கற்று உழைத்தாரைத் தடுத்து நிறுத்தியது ஒரு குடிசையின் தாழ்ந்த வாயில். தொலைவிலுள்ளானிடத்து அன்பு செய்தற்கு ஆறாயிரம் காதமும் கடக்கலாம். அருகிலுள்ளானிடத்து அன்பு செய்தற்கு ஓரடி எடுத்து வைத்தல் அரிதாகின்றது.

பிள்ளையவர்கள் இதனை எழுதும் முறையையும் நோக்குக. சுவர் இடிந்ததைக் காட்டிலும் அதனால் எழுந்த கலகமே அவர் கவனத்தைக் கவர்கின்றது. யார் யாரை என்ன சொன்னார், கவர்னர் என்ன சொன்னார் என்பவற்றை அவர் விரித்துரைக்கின்றார். முறையிட்ட மக்களின் நெஞ்சத்துள் அவர் புகுவதில்லை. துபாஷி பதவியை நோக்கி நிற்பார்க்குக் கிறிஸ்தவ சமூகத்தின் பூசல் ஓர் அரசியற் செய்தி. இதனைக் குறையாகக் கூறுகின்றோமல்லோம். தம் காலத்துக் கண்ணாலேயே அவர் கண்டார். ஆயினும் தாம் விளங்கிக்கொள்ளாத ஒன்றையும் விடாது எழுதிவைத்த அவ்வுண்மையினாலன்றோ அம்முறையீடு நம் செவிக்கு எட்டியது?

அடுத்து வருவது சைவர் நெஞ்சு பொறாத பகுதி. 1746-லேயே திருக்கோயிலினுள் மலநீர் கொட்டப்பட்டது. 1748-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஆங்கிலேயர் பொஸ்கவென் தலைமையில் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், தூய்ப்ளே கவர்னரின் ஆட்சியிலே, கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரின் மனைவியார் இதில் முன்னின்றார். அவர் இந்நகரிலேயே பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். அயல்நாட்டார் என அவரைத் தள்ளிவிட இயலாது. காரைக்காலிலிருந்து வந்த கேர்தூ என்னும் பாதிரியார் சிவலிங்கத் திருமேனியைக் காலால் உதைத்துச் சுத்தியால் உடைத்தார் எனப் பிள்ளையவர்கள் எழுதுகின்றார். இதனை எழுதும்போது எமது கை நடுங்குகின்றது. ஊர்ப் பெரியவர்கள் வந்து முறையிட்டபோது பிள்ளையவர்களாற் செய்ய இயன்றது, திருமேனிகளையும் பொருள்களையும் வேறு கோயிலுக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று கூறுவதே. அதே நாட்களிற் பள்ளிவாசலையும் இடிக்க முற்பட்டபோது சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் எதிர்த்து நின்றார், பள்ளிவாசல் பிழைத்தது.

இக்கேர்தூ பாதிரியார் யாவர்? 1767-ல் சமஸ்கிருத மொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகட்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிப் பிரான்சு நாட்டுக் கழகத்திற்கு எழுதிவிடுத்த பேரறிஞர் இவரே. வில்லியம் ஜோன்ஸ் அதனைக் கல்கத்தாவிற் கூறுதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்பே கூறியவர். இந்நாட்டு நெசவாளரும் சாயக்காரரும் துணிக்கு வண்ணம் ஏற்றும் முறையை அவர்களிடமே கேட்டறிந்து விரிவாக எழுதியவர். நம் சொற்களிலே தம் நாட்டுச் சொற்களின் சுற்றத்தைக் கண்டார். அச்சொற்களால் ஓதப்பட்ட மந்திரத்திற்கு உரிய மூர்த்தியை உடைத்தார். கல்வி மிகுந்த அளவிற்கு அன்பு மிகும் என்பார் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்க.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1761-ல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தள்ளியபோது சம்பா கோயிலும் இடிந்தது. இதனைச் சிவாபராதத்தின் பயன் என்று சொற்பொழிவாளர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவ்வாறு களிப்பது எமக்கு உடன்பாடன்று. 1791-ல் அத்தேவாலயம் மீண்டும் எழுந்து இன்று மிசியோன் வீதியில் விளங்குகின்றது. வேதபுரீசுவரரும் ஈசுவரன் கோயில் வீதியிலே வேறிடத்தில் எழுந்தருளி அருள் புரிகின்றார். இடிந்ததைக் கணக்கிட்டுக் களிப்பின் இரண்டு பக்கத்தாரும் களிக்கலாம்.

இனிச் சைவர்க்கு உரியதை ஆராய்வோம். பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டுதல் எளிது. இவ்வளவில் நிறுத்தின் இக்கட்டுரை ஒரு மறுப்புரையாய் முடியும்.

அன்பு செய்தற்கு அரியானிடத்து அன்பு என்றவுடன் சைவர் நினைப்பது மெய்ப்பொருள் நாயனாரையே. புதுச்சேரிக்குத் தொலைவில்லாத திருக்கோவலூரில் அரசு புரிந்த அவர், திருநீறு பூசி அடியார் வேடந் தாங்கி வந்த முத்தநாதன் கைக் கத்திக்கு இரையானார். வாளை உருவிய தத்தனைத் தடுத்து, அக்கொலைஞனை ஊரார் துன்புறுத்தாவண்ணம் எல்லை கடத்தி விடுமாறு ஏவி, அவன் நலமே சென்றான் என்னும் செய்தியைக் கேட்ட பின்னரே உயிர் துறந்தார். பகைவனிடத்து அன்பிற்கு இதனினும் சிறந்த காட்டு யாண்டும் இல்லை எனச் சொல்லி மகிழ்கின்றோம்.

கிறிஸ்தவ அன்பர் ஒருவர் இங்கே தடை நிகழ்த்தலாம்: நாயனார் அன்பு செய்தது முத்தநாதனிடத்தன்று, அவன் பூண்ட வேடத்தினிடத்து, சிலுவை தரித்து ஒருவன் வந்து குத்தியிருப்பின் என் செய்திருப்பார்? இத்தடையைச் சினந்து தள்ளுதல் நேர்மையன்று. சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் மெய்யடியாரோடு கூடி அவரைச் சிவனெனத் தொழுமாறு பணிக்கின்றதேயன்றி, எல்லாரிடத்தும் அங்ஙனம் ஒழுகுமாறு வெளிப்படக் கூறிற்றில்லை. அடியார் பத்தி நம் நெறியின் உயிர். அது அடியாரல்லாதாரைப் புறக்கணித்தற்கு வாயிலாகவும் பலர்க்குப் பயன்பட்டுள்ளது என்பதை ஒளிக்கவேண்டுவதில்லை.

ஆயினும் நம் சாத்திரம் அவ்வளவில் நின்றதன்று. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் அங்கே வந்து பயன் தருவான் உமையொருபாகனே என்று சிவஞானசித்தியார் வரையறுத்துவிட்டது. எனவே சம்பா கோயிலில் முழங்காலிட்டு அழுதானின் வழிபாட்டையும் ஏற்றவன் யாவன் என்பதில் சித்தாந்திக்கு ஐயம் எழ இடமில்லை. அன்றியும், உயிர்கள் யாவும் அநாதியே ஆணவ மலத்தாற் பிணிக்கப்பட்டன என்பது நம் கொள்கை. மலத்தின் மறைப்பு மிக்குழிக் கொடுமை மிகும். சன்னி கண்டவன் மருத்துவனை உதைக்கின்றான். மருத்துவன் சினப்பது நோயையன்றி நோயாளியையன்று. அங்ஙனமாக, சுத்தியெடுத்த கேர்தூவும் மலமறைப்பில் நின்ற ஓர் ஆன்மாவே. அவனுள்ளும் இறைவன் அத்துவிதமாய் நிற்கின்றான். இதனை வாயாற் சொல்லுதல் சைவ சபைகளில் எளிது. 1748-ம் ஆண்டு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒன்று இங்கே தெளிவாதல் வேண்டும். அன்பு செய்தல் என்பது கோயிலை இடிக்க விட்டுக் கைகட்டி நிற்றலன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் அடக்கத்தை அன்பென்று யாரும் மயங்கற்க. அது பதவியின் அடக்கம். அப்துல் ரகுமானின் எதிர்ப்பைப் பகையென்றும் மயங்கற்க. நோயாளியின் கையைப் பிடித்துக் கட்டுதலும் மருத்துவத்தின் பாற்பட்டதே.

மற்றொன்று கூறாது விடுதற்கில்லை. 1745-ல் சம்பா கோயிலில் ஒரு சுவர் இருந்தது. அடுத்திருந்த நம் திருக்கோயிலில் அத்தகைய சுவர் இல்லை. ஏன் இல்லை? ஆதிதிராவிடர் உள்ளே வந்தாலன்றோ அவரைப் பிரிக்கச் சுவர் வேண்டும்! திருவிதாங்கூரில் 1936-லும், மதுரையில் 1939-லும், சென்னை மாகாணத்தில் 1947-ம் ஆண்டுச் சட்டத்தாலும் கோயிற் கதவுகள் திறக்கப்பட்டபோது, ஆகமத்தைக் கையிற்கொண்டு எதிர்த்தாருள் நம்மவரும் இருந்தனர். சுவரை வைத்திருந்தாரிடம் முறையிட்டு அதனை இடிக்கச் செய்ய அம்மக்களுக்கு ஒரு வாயில் இருந்தது. நம்மிடம் முறையிட வாயிலும் இருந்திலது. பெரியபுராணம் இதற்கு வழி காட்டாமல் இல்லை. சாத்தமங்கையில் வேதியராகிய திருநீலநக்க நாயனார், ஆளுடைய பிள்ளையார் பணித்தவாறே, பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர் மனைவியாரையும் தம் மனையின் நடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்தில் துயிலச் செய்தார். தீ அணையவில்லை, வலஞ்சுழித்து ஓங்கிற்று என்கின்றார் சேக்கிழார். தூர்னோன் ஆணைக்கு நாற்பது ஆண்டு வழக்காடிய பாதிரிமாரைப் பார்த்து நகைக்கும் உரிமை, அவ்வேதிகையைத் தம் வீட்டில் அமைத்தார்க்கே உண்டு.

இவ்வாராய்ச்சி எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லி விடுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் ஒரு சைவ சபையில் யான் 1748-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஏட்டைப் படித்து விரித்துப் பேசினேன். அவையோர் கண்ணீர் வடித்தனர். சிலர் பற்களைக் கடித்தனர். பேச்சு நன்றாய் அமைந்ததென்று யானும் மகிழ்ந்தேன். கூட்டம் கலைந்தபின், பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெல்ல வந்து, தம் கையிலிருந்த பழைய தொகுதி ஒன்றைப் பிரித்து, "ஐயா, இதற்கு மூன்று வருடத்திற்கு முந்தின ஏட்டையும் தாங்கள் வாசித்திருப்பீர்களே, அதனை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். நேரம் போதவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தொகுதியை மூடிக்கொண்டு வணங்கிச் சென்றார். அவர் எக்குலத்தார் என்பதை யான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே சபையில் அழைத்தபோது 1745-ம் ஆண்டு ஏட்டை எடுத்துச் சென்றேன். வந்திருந்தார் தொகை முன்னதிற் பாதியே. அம்முதியவர் வந்திலர்.